வெள்ளி மாலை முதல் ஞாயிறு மதியம் வரை மௌன தியானம்: சிஎஸ்ஐ பாட்டுக்குழுவில் இருக்கிற நான் போகலாமா?

அல்டோ_வேளச்சேரி | செவ்வாய், இரவு 10.20

எல்லாருக்கும் வணக்கம். ஒரு விஷயத்துல உங்க அனுபவம் வேணும். கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

நான் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை, புராட்டஸ்டண்ட்). ஞானஸ்நானம், திடப்படுத்தல் எல்லாம் ஒரே சபையில. பாட்டுக்குழுவுல 11 வருஷமா இருக்கேன். கடைசி 4 வருஷமா ஞாயிறு ஆராதனையை நடத்துற குழுவுலயும் இருக்கேன். ஜெபம் பண்ணச் சொன்னா உடனே வரும். எந்த வசனத்துல ஆரம்பிக்கணும், எங்க குரலைத் தாழ்த்தணும், கீபோர்டு எந்த இடத்துல மெதுவா உள்ள வரணும், எல்லாமே பழகிடுச்சு.

போன மாசம் ஒரு ராத்திரி கரண்ட் போச்சு. அம்மா ஊருக்குப் போயிருந்தாங்க. சரி, ஜெபம் பண்ணலாம்னு இருட்டுல உக்காந்து கண்ணை மூடினேன். மேடையில பேசுற வாக்கியங்கள்தான் வரிசையா வந்துச்சு. எனக்குன்னு ஒரு வார்த்தை வரல. கேக்க ஆள் இல்லாத இடத்துல எனக்கு ஜெபமே இல்லன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. அப்போல இருந்து மைக் முன்னாடி நிக்கவே பயமா இருக்கு.

ஆபீஸ்ல ஒரு கத்தோலிக்கத் தோழிகிட்ட இதைச் சொன்னேன். மயிலாப்பூர் பக்கம் ஒரு தியான இல்லத்துல வார இறுதித் தியானம் இருக்கு, வான்னு கூப்பிடுறா. வெள்ளி சாயங்காலம் போனா ஞாயிறு மதியச் சாப்பாட்டோட முடியும். நடுவுல பேச்சு கிடையாது, போனும் கிடையாது.

அம்மாவுக்கு இஷ்டமில்ல. "மனசைக் காலி பண்ணிட்டு உக்காந்தா, வேதத்துல வர்ற, பெருக்கி ஜோடிச்ச வீட்டுக்குள்ள ஏழு பிசாசு வந்த கதையாயிடும். தியானமெல்லாம் நம்ம வழி இல்லம்மா"ன்னு சொல்றாங்க. அவங்க பயத்தை என்னால ஒதுக்கித் தள்ளவும் முடியல.

போனவங்க இருந்தா சொல்லுங்க. அங்க உண்மையிலேயே என்ன நடக்கும்? புராட்டஸ்டண்ட் ஆளா போறதுல சங்கடம் இருக்குமா?

---

சாந்தோம்_பையன் | செவ்வாய், இரவு 11.05

தாராளமா போங்க சிஸ்டர். நான் இதுவரை ஏழெட்டுத் தடவை போயிருக்கேன்.

முதல்ல ஒண்ணைத் தெளிவு பண்ணிக்கோங்க. எங்க பக்கம் "தியானம்"ங்கிற ஒரே வார்த்தைக்குள்ள பல விஷயம் இருக்கு. தவக்காலத்துல பங்குல மூணு நாள் சாயங்காலப் பிரசங்கம் வச்சா அதுவும் தியானம். கைதட்டி, சாட்சி சொல்லி, குணமளிக்கும் ஜெபத்தோட ஒரு மைதானம் முழுக்கக் கூட்டம் நடந்தா அதுவும் தியானம். 20 பேர் வாயைத் திறக்காம ரெண்டு நாள் இருந்தா அதுவும் தியானம்தான். நீங்க தேடுறது மூணாவது. அதனால பேரைக் குடுக்குறதுக்கு முன்னாடி "முழு மௌனமா, உரை எத்தனை, தனி வழிகாட்டல் உண்டா"ன்னு போன்ல கேட்டுடுங்க. மந்தைவெளிப் பக்கம் மாதா சர்ச் ரோட்டுல இயேசு சபையினரோட (ஜெசூட் துறவிகள்) தியான ஆசிரமம் இருக்கு. இந்த மாதிரித் தியானத்துக்குன்னே உள்ள இல்லம் அது.

நேரப் பட்டியல் இல்லத்துக்கு இல்லம் மாறும். காலையில மணி அடிப்பாங்க. சிற்றாலயத்துல சேர்ந்து உக்காருவாங்க. அருட்தந்தையோ சிஸ்டரோ விவிலியத்துல ஒரு பகுதியைக் குடுத்து அரைமணி பேசுவாங்க. அப்புறம் ஒரு மணி நேரம் தனியா அந்தப் பகுதியோட இருக்கணும். இப்படி ஒரு நாளைக்கு மூணு, நாலு தடவை. ஒரு திருப்பலி, அதாவது பூசை. ராத்திரி படுக்கிறதுக்கு முன்னாடி ஆத்தும சோதனை, அதாவது அந்த நாளை மெதுவா திரும்பிப் பாக்குறது. அவ்வளவுதான்.

எடுத்துட்டுப் போக வேண்டியது: நீங்க வீட்ல படிக்கிற அதே வேதாகமம், ஒரு நோட்டு, போர்வை, தண்ணி பாட்டில், கொசுவுக்கு ஓடோமாஸ். வேற புத்தகம் ஒண்ணுகூட வேண்டாம். முதல் தடவை நான் மூணு புத்தகம் கொண்டுபோய் ரெண்டு நாளும் அதையே படிச்சுட்டு வந்துட்டேன். அந்த ரெண்டு நாள் போனது போனதுதான்.

---

அம்பத்தூர்_விசுவாசி | புதன், காலை 6.15

கர்த்தருடைய நாமத்திற்கு ஸ்தோத்திரம். சகோதரியின் அம்மா சொல்வதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று தாழ்மையாகக் கேட்டுக்கொள்கிறேன்.

சில தியான முகாம்களில் ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்கிறார்கள். மத்தேயு 6:7-ல் ஆண்டவர் "அஞ்ஞானிகளைப்போல வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள்" என்று சொல்லியிருக்கிறார். மூச்சைக் கவனி, சிந்தனையை நிறுத்து என்பதற்கும் வேதத்தில் நான் ஆதாரம் பார்த்ததில்லை. ஜெபம் என்பது பிதாவோடு பேசுவது. சகோதரிக்கு ஜெபம் வறண்டுபோயிருந்தால் உபவாசித்து, சபையாரோடு சேர்ந்து ஜெபிக்கலாமே? குற்றப்படுத்த எழுதவில்லை, பாரத்தோடு எழுதுகிறேன்.

---

வேப்பேரி_வாத்தியார் | புதன், காலை 9.40

மகளுக்கும் அம்பத்தூர் தம்பிக்கும் சேர்த்தே எழுதுகிறேன். நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். ஐயர் (எங்கள் சபைப் போதகர்) வராத ஞாயிறுகளில் சபையில் ஆராதனை நடத்திய பழக்கம் உண்டு. அதனால் சற்று நீண்டுவிடும்.

தியானம் நம்முடைய வார்த்தை இல்லை என்றால், அதை நம்முடைய பழைய வேதாகமத்திலிருந்தே எடுத்துவிட வேண்டியிருக்கும். ஆதியாகமம் 24-ல் ஈசாக்கு சாயங்கால வேளையில் எதற்காக வெளியிலே போயிருந்தான்? தியானம்பண்ண. முதலாம் சங்கீதத்தின் பாக்கியவான் யார்? இரவும் பகலும் வேதத்தில் தியானமாயிருக்கிறவன். எலியா தீர்க்கதரிசிக்குக் காற்றிலும் பூமியதிர்ச்சியிலும் அக்கினியிலும் கர்த்தர் இல்லை. அதன்பின்தான் "அமர்ந்த மெல்லிய சத்தம்". நம் ஆராதனைகளில் காற்றும் அக்கினியும் நிறைய இருக்கின்றன. அமர்ந்த சத்தத்துக்கு எத்தனை நிமிடம் ஒதுக்குகிறோம்?

திரும்பச் சொல்வது பற்றி. ஆண்டவர் கண்டித்தது, அதிக வசனிப்பினால் கேட்கப்படுவோம் என்று எண்ணுவதை. அதே வசனத்தின் அடுத்த பாதியையும் படிக்க வேண்டும். 136-ஆம் சங்கீதத்தில் 26 வசனங்கள். இருபத்தாறும் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்றே முடிகின்றன. இயேசுவைக் கூப்பிட்ட குருடன் பர்திமேயுவைப் பேசாதே என்று அதட்டினார்கள். அவன் இன்னும் அதிகமாக அதையேதான் கூப்பிட்டான். கெத்செமனேயில் ஆண்டவரே மறுபடியும் போய் அதே வார்த்தைகளைச் சொல்லி ஜெபம்பண்ணினார் என்று மாற்கு எழுதுகிறார். அன்பும் துக்கமும் முற்றினால் மனிதனுக்கு வார்த்தை குறைந்துவிடுகிறது. பிள்ளை செத்த வீட்டில் தாய் புதுப்புது வாக்கியமா பேசுகிறாள்?

நம் மண்ணிலும் இது புதிது இல்லை. ஜேசுதாசன், பாரஸ்டர் பேட்டன் என்ற இரண்டு மருத்துவர்கள் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தை 1921-ல் தொடங்கினார்கள். இருவரும் புராட்டஸ்டண்ட் ஆட்கள். நோயாளிகளைப் பார்ப்பதும் அமர்ந்து ஜெபிப்பதும் அங்கே ஒரே வாழ்க்கையாக இருந்தது.

மகளே, உன் அம்மாவை எதிர்த்துக்கொண்டு போகாதே. ஆனால் அவர்களிடம் ஒன்று கேட்டுப் பார். விடியற்காலையில் எழுந்து "கர்த்தருடைய பாதத்தில் காத்திருக்கிறேன்" என்று நம் வீட்டுப் பெண்கள் சொல்வார்களே, அந்த நேரம் முழுக்க அவர்கள் பேசிக்கொண்டேவா இருக்கிறார்கள்?

---

பூந்தமல்லி_மாணவன் | புதன், மதியம் 1.30

ஐயா எழுதினதுக்கு நன்றி. நான் குருமாணவன், அதாவது பாதிரியாராகப் படிக்கிறவன். வருஷத்துக்கு ஒரு தடவை எங்களுக்கு இது கட்டாயம். எங்க பழைய தமிழ்ல இதுக்கு "ஞான ஒடுக்கம்"னு பேர். இப்போ பேச்சுவழக்குல குறைஞ்சுட்டாலும் எனக்கு அந்த வார்த்தை ரொம்பப் பிடிக்கும். ஆமை உறுப்புகளை உள்ள இழுத்துக்குற மாதிரி ஒடுங்குறது. காலி பண்றதுன்னு அதுக்கு அர்த்தமே இல்ல.

அக்காவோட அம்மாவுக்கு இதைச் சொல்லலாம். இயேசு சபையைத் தொடங்கின புனித இஞ்ஞாசியார் வழித் தியானத்துல மனசை யாரும் காலி பண்ணச் சொல்றதில்ல. சொல்லப்போனா நிரப்பத்தான் சொல்றாங்க. ஒரு நற்செய்திக் காட்சியை எடுத்து, அதுக்குள்ள போய் நின்னு, யார் என்ன பேசுறாங்கன்னு கேட்டு, முகத்தைப் பாத்து, கடைசியில ஒரு நண்பன்கிட்டப் பேசுற மாதிரி ஆண்டவர்கிட்டப் பேசணும். இஞ்ஞாசியார் 1522-ல மன்ரேசாவுல தனிமையில பட்ட பாட்டுல இருந்து எழுத ஆரம்பிச்சது அது. 1548-ல திருத்தந்தை மூன்றாம் பவுல் ஒப்புதல் குடுத்தார். முழுசா செஞ்சா ஏறக்குறைய 30 நாள். வார இறுதியில கிடைக்கிறது அதோட ஒரு சின்னத் துண்டு.

ஒரே வார்த்தையைச் சொல்ற முறை வேற. அதை இந்தக் காலத்துல பரப்பினவர் ஜான் மெயின்ங்கிற பெனடிக்டைன் துறவி. அவர் அதை முதல்ல கத்துக்கிட்டது கோலாலம்பூர்ல ஒரு இந்து சுவாமிகிட்டதான். இதை மறைக்க வேண்டியதில்ல. பிற்பாடு, பாலைவனத் துறவிகள்கிட்டக் கேட்டு காசியன்ங்கிற பழங்காலத் துறவி எழுதி வச்ச பழைய கிறிஸ்தவக் குறிப்புகள்ல அதே பழக்கத்தைக் கண்டுபிடிச்சார். காசியன் குடுத்த ஜெபம் 70-ஆம் சங்கீதத்தோட முதல் வசனம். மெயின் குடுத்தது "மாரநாதா", முதல் கொரிந்தியர் கடைசியில பவுல் எழுதின அரமேய வார்த்தை. "ஆண்டவரே வாரும்"னு அர்த்தம்.

அம்பத்தூர் அண்ணனோட கவலையை எங்க சபையும் யோசிச்சிருக்கு. 1989-ல வத்திக்கான் இதைப் பத்தியே ஒரு கடிதம் வெளியிட்டுச்சு. பிற சமய முறைகள் மனசை அமைதிப்படுத்தி ஆண்டவர் முன்னாடி நிக்க உதவலாம்னு அது சொல்லுது. கூடவே, உடம்புல கிடைக்கிற அமைதியையே தூய ஆவியோட ஆறுதல்னு நினைச்சு ஏமாறக்கூடாதுன்னும் சொல்லுது. இந்த ரெண்டாவதை நான் நோட்டுல எழுதி வச்சிருக்கேன். நல்லாத் தூங்கி எழுந்தாலே பாதி அமைதி வந்துடும், அதை தரிசனம்னு சொல்லக்கூடாது.

---

அம்பத்தூர்_விசுவாசி | புதன், இரவு 8.50

வாத்தியார் ஐயாவுக்கு நன்றி. கெத்செமனே வசனத்தை நான் இந்தக் கோணத்தில் யோசித்ததில்லை. அதே வார்த்தைகள் என்று மாற்கில் இருக்கத்தான் செய்கிறது. இன்று மத்தியானம் எடுத்துப் பார்த்தேன்.

இருந்தாலும் என் கவலையில் ஒரு பங்கு அப்படியே இருக்கிறது. கையில் வேதாகமம் இல்லாமல், இயேசுவின் நாமம் இல்லாமல், வெறும் அமைதிக்காக உட்காருவதை நான் ஜெபம் என்று ஒத்துக்கொள்ள மாட்டேன். சகோதரி போனால் வேதப் புத்தகத்தோடு போகட்டும். அந்த இரண்டு நாளும் நான் இங்கே ஜெபிக்கிறேன்.

---

நைட்_டூட்டி_நர்ஸ் | வியாழன், காலை 8.20

இப்பதான் டூட்டி முடிச்சு வந்தேன். யாரும் சொல்லாத ஒண்ணைச் சொல்லணும்.

மௌனம் எல்லாருக்கும் எப்பவும் நல்லதுன்னு இல்ல. சமீபத்துல ஒரு சாவு, விவாகரத்து, இல்ல மன அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்குறீங்கன்னா, பேர் குடுக்கும்போதே வழிகாட்டிகிட்டச் சொல்லிடுங்க. பேச்சு, போன், டிவி எல்லாத்தையும் எடுத்துட்டா, அடியில அமுக்கி வச்சது மேல வரும். ரெண்டு நாளைக்குள்ள அதைத் தாங்குறது சிலருக்குக் கஷ்டம். எங்க அப்பா போய் ஆறு வாரத்துல நான் ஒரு தியானத்துக்குப் போனேன். சனிக்கிழமை மதியம் மூச்சே முட்டுச்சு. வழிகாட்டியா இருந்த சிஸ்டர் என்னைச் சிற்றாலயத்துல உக்கார விடாம, தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போய் செடிக்குத் தண்ணி ஊத்தச் சொன்னாங்க. அரைமணி தண்ணி ஊத்தினேன். அன்னைக்கு எனக்கு அதுதான் ஜெபம்.

மாத்திரையை "ஆண்டவர் பாத்துப்பார்"னு யாரும் நிறுத்தாதீங்க. நிறுத்தச் சொல்ற இடமா இருந்தா உடனே கிளம்பிடுங்க.

---

குரோம்பேட்டை_அக்கா | வியாழன், காலை 11.10

நர்ஸ் தங்கச்சி சொன்னதோட இதையும் சேர்த்துக்கோங்க. நகரத்துக்கு வெளிய ஒரு இடத்துக்கு நானும் என் வீட்டுக்காரரும் போனோம். பேர் வேண்டாம். அமைதித் தியானம்னு சொல்லித்தான் கூப்பிட்டாங்க. ராத்திரி 11 மணி வரைக்கும் ஒலிபெருக்கி. எல்லார் முன்னாடியும் எழுந்து பாவத்தைச் சொல்லச் சொன்னாங்க. அழாதவங்களை "கடின இருதயம்"னு பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க. அது முடிஞ்ச கையோட காணிக்கை உறை வந்துச்சு. என் வீட்டுக்காரர் அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் கோயில் வாசப்படி மிதிக்கல.

நல்ல இடத்துல யாரும் உங்களை அழ வைக்க மாட்டாங்க, எதையும் வெளிய சொல்லக் கட்டாயப்படுத்த மாட்டாங்க. எப்ப வேணா வீட்டுக்குப் போகலாம்னு முதல் நாளே சொல்லிடுவாங்க. அதைக் கேட்டுக்கிட்டுப் போம்மா.

---

தரமணி_டெஸ்டர் | வியாழன், மாலை 4.45

நான் கிறிஸ்தவன் இல்லை. இந்த இழையைத் தற்செயலா படிச்சேன், எழுதலாம்னு தோணுச்சு. திருமுடிவாக்கத்துல விபாசனா 10 நாள் முடிச்சிருக்கேன். அங்க மூச்சையும் உடம்புல வர்ற உணர்ச்சியையும் கவனிக்கிறதோட சரி, யாரையும் கூப்பிடுறது கிடையாது. நீங்க போறதுல எதிர்ல ஒருத்தர் இருக்கார்னு வச்சு உக்காருறீங்க. ரெண்டையும் ஒண்ணுன்னு நான் சொல்ல மாட்டேன்.

ஆனா கஷ்டம் ஒண்ணேதான். முதல் நாள் கால் வலிக்கும். ரெண்டாவது நாள் ஓடிடலாம்னு இருக்கும். நாற்காலி கேட்டு வாங்கிக்கோங்க, தரையிலதான் உக்காரணும்னு வீம்பு வேண்டாம்.

---

அல்டோ_வேளச்சேரி | வியாழன், இரவு 9.30

எல்லாருக்கும் நன்றி. வாத்தியார் ஐயா எழுதினதை அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன். ஒண்ணும் சொல்லல. அப்புறம் அவங்களே என் பையில போர்வையை மடிச்சு வச்சாங்க. நாளைக்குப் போறேன்.

கடைசியா ஒரு கேள்வி. திருப்பலியில நான் என்ன பண்ணணும்?

---

சாந்தோம்_பையன் | வியாழன், இரவு 9.55

திருப்பலிக்கு வரலாம், பாடலாம், வாசகம் கேக்கலாம். நற்கருணை, அதாவது திருப்பலியில குடுக்குற அப்பம், சாதாரணமா கத்தோலிக்கருக்கு மட்டும்தான். இதை முன்னாடியே சொல்லிடுறது நல்லது, வரிசையில போய் நின்னு சங்கடப்படக் கூடாது. கைகளை மார்புல குறுக்கா வச்சுட்டு வந்தா நிறைய இடத்துல ஃபாதர் ஆசீர் குடுப்பார். வேண்டாம்னா இடத்துலயே இருங்க, யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க.

எனக்கும் இது வருத்தம்தான் சிஸ்டர். எங்க அப்பா 1985-ல பிரான்ஸ்ல இருக்கிற டேசே துறவு சமூகத்துச் சகோதரர்கள் சென்னையில நடத்தின இளையோர் கூட்டத்துக்குப் போனவர். எல்லாச் சபைப் பிள்ளைகளும் மெழுகுவத்தியோட ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடிட்டு அப்படியே அமைதியா இருந்ததை இன்னைக்கும் சொல்வார்.

---

அல்டோ_வேளச்சேரி | திங்கள், இரவு 10.40

வந்துட்டேன். நேத்து எழுத முடியல. இன்னைக்கும் எல்லாத்தையும் எழுத வருமான்னு தெரியல.

வேளச்சேரியில பறக்கும் ரயில் ஏறி மந்தைவெளியில இறங்கினேன். உள்ள போனதும் போனை ஒரு உறையில போட்டு, மேல பேர் எழுதிக் குடுத்தோம். என்னோட சேர்த்து 19 பேர். அறையில கட்டில், மேசை, ஃபேன், ஒரு சிலுவை. சன்னலைத் திறந்தா வேப்பமரம். எப்ப வேணும்னாலும் கிளம்பலாம்னு முதல் பேச்சுலயே சொன்னாங்க. குரோம்பேட்டை அக்காவை நினைச்சுக்கிட்டேன்.

மௌனம்னா சத்தமில்லாம இருக்கும்னு நினைச்சிருந்தேன். சென்னையில அது எங்க? ஆட்டோ, பக்கத்துல ஏதோ மண்டபத்து நாதஸ்வரம், காக்கா. அதெல்லாம் பரவாயில்ல. என் தலைக்குள்ள ராத்திரி முழுக்கப் பாட்டு நிக்கல. பல்லவி, இடை இசை, அல்டோ பகுதி, நான் போன ஈஸ்டர்ல தப்பு பண்ண இடம் உள்பட எல்லாம் ஓடுச்சு. ஒரு மணிக்கு எழுந்து உக்காந்து அழுதேன். ஆண்டவர் முன்னாடி வந்தும் என்னால ஒத்திகையை நிறுத்த முடியலையேன்னு.

சனிக்கிழமை காலையில சிஸ்டர் குடுத்தது பர்திமேயு. வாத்தியார் ஐயா எழுதின அதே ஆள்! கேட்டதும் உடம்பு சிலிர்த்துச்சு. அவங்க நிறுத்தினது ஒரே ஒரு கேள்வியில. "நான் உனக்கு என்னசெய்யவேண்டும் என்றிருக்கிறாய்?" அந்தக் கேள்வியோட ஒரு மணி நேரம் இருக்கச் சொன்னாங்க. மேடையில இதுக்கு என்கிட்ட பத்துப் பதில் இருக்கும். சபைக்கு எழுப்புதல் தாரும், வாலிபரைச் சந்தியும். அங்க உக்காந்து ஒண்ணொண்ணா சொல்லிப் பாத்தேன். எதுவும் என்னோடதா இல்ல.

மதியம் மூணு மணி ரொம்ப மோசம். வெயில், புழுக்கம், தூக்கம். எதுக்கு வந்தோம்னு கோபம். பையைக் கட்டிட்டேன். வாசல் வரைக்கும் போனேன். போற வழியில சிற்றாலயக் கதவு திறந்திருந்துச்சு. உள்ள ஏழெட்டுப் பேர் உக்காந்திருந்தாங்க. என் பக்கத்து அறைப் பாட்டி நாற்காலியில சாய்ஞ்சு தூங்கிட்டே இருந்தாங்க, கையில ஜெபமாலை. ஒரு பையன் இருமிட்டே இருந்தான். யாருமே ரொம்ப பக்தியா தெரியல. எல்லாருக்கும் அதே புழுக்கம், அதே மூணு மணி. ஆனா எழுந்து போகல. நான் உள்ள போய் கடைசி வரிசையில உக்காந்தேன். வீட்ல இருட்டுல அஞ்சு நிமிஷம் தனியா உக்கார முடியாத எனக்கு, பேர் தெரியாத இவங்களோட ஒரு மணி நேரம் உக்கார முடிஞ்சுது. சபைன்னா என்னன்னு இவ்வளவு வருஷத்துல நான் இப்படிப் பாத்ததே இல்ல.

சாயங்காலம் தனி வழிகாட்டல். சிஸ்டர்கிட்டப் பாட்டு நிக்கலன்னு சொன்னேன். விரட்டாதீங்கன்னு சொன்னாங்க. "எந்த வரி திரும்பத் திரும்ப வருதுன்னு பாருங்க. அந்த வரியை மட்டும் வச்சுக்கோங்க. அப்புறம் அதையும் சின்னதாக்குங்க." வந்துட்டே இருந்த வரி, நாங்க மெட்டுப் போட்டுப் பாடுற 136-ஆம் சங்கீதம். "அவர் கிருபை என்றுமுள்ளது." ராத்திரி அதை மெட்டில்லாம சொன்னேன். அப்புறம் "அவர் கிருபை". அப்புறம் "கிருபை". அதுக்கப்புறம் எப்போ அதுவும் நின்னுச்சுன்னு தெரியல.

சாப்பாட்டைப் பத்திச் சொல்லணும். பேசாம சாப்பிடும்போது பக்கத்துல இருக்கிறவங்களுக்கு என்ன வேணும்னு நாமதான் கண்ணால பாக்கணும். ரசம் வேணுமான்னு கேக்க முடியாது. என் தட்டைப் பாத்து, நான் தேடுறதுக்கு முன்னாடியே ஒரு பெரியவர் உப்பை நகர்த்தி வச்சார். எங்க வீட்ல அம்மா இதை எனக்கு 32 வருஷமா பண்றாங்க.

திருப்பலியில கையைக் குறுக்கா வச்சுட்டுப் போனேன். ஃபாதர் தலையில கை வச்சார். திரும்பி வந்து உக்காந்ததும் தொண்டை அடைச்சுது. ஆசீருக்காகவும், அப்பத்துல எனக்குப் பங்கில்லையேங்கிறதுக்காகவும். அந்த வலி இன்னும் இருக்கு. நற்கருணை ஆராதனை எனக்குப் பழக்கமில்ல, அந்த நேரம் வெளிய மரத்தடியில இருந்தேன். யாரும் ஏன்னு கேக்கல.

ஞாயிறு விடியக்காலை மொட்டை மாடியில நின்னேன். கடல் காத்து வந்துச்சு. அந்தக் கேள்வி திரும்ப வந்துச்சு. என்னையறியாம வாயில வந்த பதில்: "ரொம்பக் களைப்பா இருக்கு ஆண்டவரே." அவ்வளவுதான். அதை எந்த மைக்லயும் சொல்ல முடியாது. பதினோரு வருஷத்துல நான் பண்ண முதல் ஜெபம் அதுன்னு தோணுது.

மௌனம் முடிஞ்சு பகிர்வு நேரத்துல மத்தவங்க சொன்னதை இங்க எழுத மாட்டேன். அது அவங்களோடது.

---

அம்பத்தூர்_விசுவாசி | செவ்வாய், காலை 6.05

ஸ்தோத்திரம் சகோதரி. இரண்டு முறை படித்தேன். சனிக்கிழமை மூன்று மணிக்கு நான் கடையில் இருந்தேன், உங்களை நினைத்து ஜெபித்தது உண்மை. "களைப்பா இருக்கு" என்று ஆண்டவரிடம் நான் ஒருநாளும் சொன்னதில்லை. ஊழியம் செய்கிறவன் அப்படிச் சொல்லக்கூடாது என்று நினைத்திருந்தேன்.

---

பூந்தமல்லி_மாணவன் | செவ்வாய், மதியம் 2.00

அக்கா, நீங்க பையைக் கட்டின இடத்துக்கு இஞ்ஞாசியார் ரெண்டு விதி வச்சிருக்கார். மனசு வறண்டிருக்கும்போது எடுத்த முடிவை மாத்தக்கூடாது. ஒரு மணி நேரம் இருக்கணும்னு வச்சு, ஓடணும்போல இருந்தா கொஞ்சம் கூடுதலாவே இருக்கணும். வகுப்புல இதைப் படிச்சுத் தேர்வு எழுதியிருக்கேன். நீங்க எழுதின அந்த இருமுற பையன் இருந்த கூட்டத்துலதான் இது உண்மையா நடக்கிறதைப் பாத்தேன்.

---

நைட்_டூட்டி_நர்ஸ் | செவ்வாய், இரவு 7.15

வந்ததும் ஒரு வாரம் சத்தம் எல்லாம் பெருசா கேக்கும், கோபமும் சட்டுனு வரும். பயப்படாதீங்க, நல்லாத் தூங்குங்க. அம்மா என்ன சொன்னாங்க?

---

அல்டோ_வேளச்சேரி | ஞாயிறு, இரவு 9.10

அம்மாவைப் பத்தி நர்ஸ் அக்கா கேட்டீங்க. திங்கள் காலையில நாலரை மணிக்கு எனக்கு முழிப்பு வந்துடுச்சு, அங்க பழகினது. ஹால்ல விளக்கு எரிஞ்சுது. அம்மா சோபாவுல வேதாகமத்தை மடியில திறந்து வச்சுட்டு உக்காந்திருந்தாங்க. படிக்கல. உதடும் அசையல. இத்தனை வருஷமா அந்த நேரத்துல நான் தூங்கிட்டிருந்திருக்கேன். நான் போய்ப் பக்கத்துல உக்காந்தேன். பால்காரர் மணி அடிக்கிற வரைக்கும் ரெண்டு பேரும் பேசல. எழுந்து போகும்போது, "இதைத்தான் அங்க சொல்லிக் குடுத்தாங்களா?"ன்னு கேட்டாங்க. ஆமான்னு சொன்னேன். "இதுக்கா மயிலாப்பூர் போன?"ன்னு சொல்லிட்டு என் தலையைத் தடவிட்டுப் பால் எடுக்கப் போனாங்க. அதுல இருந்து தினமும் உக்காருறோம்.

வெள்ளிக்கிழமை ஒத்திகையில, ஆரம்ப ஜெபத்துக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம் அமைதியா இருக்கலாமான்னு கேட்டேன். சரின்னாங்க. முதல் நிமிஷத்துல ரெண்டு போன் அடிச்சுது. கீபோர்டு தம்பி பழக்கத்துல மெதுவா வாசிக்க ஆரம்பிச்சு, கையை எடுத்துட்டான். இன்னைக்கு ஆராதனையில என் முறை வந்தப்போ ரெண்டே வாக்கியம் ஜெபம் பண்ணிட்டு நிறுத்திட்டேன். ஐயர் திரும்பிப் பாத்தார். அப்புறம் அவரும் கண்ணை மூடிட்டார்.

தரமணி நண்பருக்கு: நாற்காலி கேட்டேன், குடுத்தாங்க. ரொம்ப உதவியா இருந்துச்சு.

---

குரோம்பேட்டை_அக்கா | ஞாயிறு, இரவு 9.35

அடுத்தது எப்போ வைக்கிறாங்கன்னு கேட்டுச் சொல்லும்மா. நீ எழுதினதை என் வீட்டுக்காரருக்குப் படிச்சேன். "யாரும் அழச் சொல்ல மாட்டாங்கல்ல?"ன்னு மட்டும் கேட்டார்.